ஈரத்தை அளந்த பிறகுதான் புகை பிடிபட்டது

போன வாரம் நைட்கேப், ஸ்குவாட்ரன் லீடர் என்ற இரண்டு சுங்கான் (பைப்) புகையிலைகளையும் எது எது என்று தெரியாமல் புகைத்துப் பார்த்துச் சரியாகப் பிரித்துச் சொல்லிவிட்டேன். ஏதோ அதிர்ஷ்டத்தில் அமைந்ததில்லை, திரும்பத் திரும்பச் சொல்ல வருகிறது. குளிர்ந்த நாட்டில் உட்கார்ந்து சுங்கான் பிடிக்கிறவருக்கு இதில் அதிசயம் ஒன்றும் இருக்காது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று இரண்டு பக்கமும் தண்ணீரை வைத்துக்கொண்டு ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் செய்து பார்த்தால்தான் இதன் கஷ்டம் புரியும். எப்படிச் செய்தேன், எங்கே வழி தவறியது, எவ்வளவு செலவானது என்பதை எழுதி வைக்கிறேன்.

நான் கப்பல் இன்ஜின் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சுங்கான் பழக்கம் அங்கே ஒட்டியது. புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை என்பதால் இது ஆபத்தில்லாதது ஆகிவிடாது, வாய்ப் புற்றுநோய் சுங்கான்காரனையும் தேடி வரும். பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம். எனக்கும் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வீட்டில் அனுமதி.

சரக்கு வருவது கீழக்கரைக் காக்கா (அண்ணன் மாதிரி) ஒருவர் மூலம். வளைகுடா நாடுகளுக்குப் போய்வருகிறவர். பயணி ஒருவர் வரி இல்லாமல் கொண்டுவரக்கூடிய புகையிலை 125 கிராம்தான், அதனால் ஒரு நடைக்கு 50 கிராம் டின் இரண்டு. இப்படிச் சேர்ந்தவை நாலு: எர்லி மார்னிங் பைப், நைட்கேப், ஸ்குவாட்ரன் லீடர், ஹெச்ஹெச் ஓல்டு டார்க் ஃபயர்டு. முதல் இரண்டும் முன்பு டன்ஹில் பெயரில் வந்தவை, இப்போது டின்னில் பீட்டர்சன் என்று இருக்கிறது. மூன்றாவது இங்கிலாந்தின் கெண்டல் ஊர்ச் சரக்கு, சாமுவேல் காவித் தயாரிப்பு. நாலாவது டென்மார்க்கின் மேக் பேரன்.

முதல் மூன்றுக்கும் புகை வாசனை தருவது லட்டாக்கியா. சிரியாவின் துறைமுகத்துப் பெயர், ஆனால் இன்று டின்களில் இருப்பதெல்லாம் சைப்ரஸ் இலை. வெயிலில் உலர்த்திய இலையைக் கட்டித் தொங்கவிட்டு, கீழே மாஸ்டிக், மிர்டில், பைன் போன்ற பிசினும் வாசனையும் உள்ள செடி, மர விறகைப் புகையவிட்டுக் கருப்பாக்குகிறார்கள். நாலாவது டின்னில் லட்டாக்கியா கிடையாது. அதில் இருக்கும் கென்டக்கி இலை, கொட்டகைக்குள் கடின மர விறகின் புகையில் பதப்பட்டது. ஆக இரண்டும் புகை போட்ட இலைதான், இரண்டும் ஒரே புகை இல்லை. இந்த வித்தியாசம் பின்னால் ரொம்ப உதவியது.

தொந்தரவு என்னவென்றால், ஒரே டின் ஒரு நாள் ஒரு மாதிரி இருந்தது. என் நோட்டில் நைட்கேப்புக்கு எதிரே புரட்டாசியில் ‘காரம், நல்ல கனம்’ என்று இருக்கிறது. கார்த்திகையில் அதே டின்னுக்கு ‘ஈரத்துணி வாசம், நாக்கு எரிச்சல்’. ஸ்குவாட்ரன் லீடருக்கும் அதே கதை. இரண்டையும் ஒப்பிட்டு நான் எழுதியிருந்த ஒரு பக்க அபிப்பிராயத்தைத் தேதியோடு வைத்துப் பார்த்தேன். மழை நாளில் பிடித்ததையெல்லாம் திட்டியிருக்கிறேன், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடித்த பகலில் பிடித்ததையெல்லாம் பாராட்டியிருக்கிறேன். புகையிலையை நான் ருசி பார்க்கவே இல்லை, வானிலைக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, முதலில் ஈரத்தை அளப்போம் என்று ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் இரண்டு வாங்கினேன். ஒரே மேஜையில் வைத்தால் ஒன்று 84, இன்னொன்று 76. எதை நம்புவது? இதற்குப் பழைய உபாயம் ஒன்று இருக்கிறது. பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் குழைகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து இறுக்கமான டப்பாவில் ஓர் இரவு மூடி வைக்க வேண்டும். சோடியம் குளோரைடு என்றால் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் போய் நின்றுவிடும். அங்கே மீட்டர் காட்டும் எண்ணுக்கும் 75-க்கும் உள்ள வித்தியாசம்தான் திருத்தம்.

உப்புக்கா இங்கே பஞ்சம்? வாலிநோக்கம் பக்கத்துக் கல்லுப்பு வீட்டில் மூட்டையாக இருக்கிறது, அதையே போட்டேன். மீட்டர்கள் 74, 66 என்று காட்டின. திருத்தத்தைக் குறித்துக்கொண்டு ஒரு மாதம் வேலை பார்த்தும் கணக்கு எங்கோ இடித்தது. பிறகு கடையில் பாக்கெட் தூளுப்பு வாங்கி அதே சோதனையைச் செய்தால் 79, 71. ஐந்து புள்ளி வித்தியாசம்! கடல்நீரிலிருந்து நேரே எடுத்த கல்லுப்பில் மக்னீசியம் உப்புகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி கசிவது அதனால்தான். மக்னீசியம் குளோரைடு மட்டும் என்றால் டப்பாவுக்குள் 33 சதவீதத்திலேயே நின்றுவிடும், அது கொஞ்சம் கலந்தாலே 75 கீழே இறங்கிவிடுகிறது. மீன் குழம்புக்குக் கல்லுப்பு, மீட்டருக்குத் தூளுப்பு. ஒரு மீட்டருக்கு நாலு கழிக்க வேண்டும், மற்றதற்கு நாலு கூட்ட வேண்டும் என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்பச் சோதிப்பது நல்லது, கடற்காற்றில் அவை நகர்ந்துவிடுகின்றன.

மீட்டர் காற்றைத்தான் சொல்லும். இலைக்குள் எவ்வளவு தண்ணீர் என்று தெரிய எடை வேண்டும். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி 0.01 கிராம் காட்டும் தராசு 550 ரூபாய். ஒவ்வொரு டின்னையும் திறந்த உடனே 2.00 கிராம் எடுத்து, அலுமினியக் கிண்ணத்தில் பரப்பி, ஓடிஜி அடுப்பில் 100 டிகிரியில் எடை குறைவது நிற்கும்வரை வைத்தேன். நைட்கேப் 1.63-ல் நின்றது, அதாவது ஈரம் 18.5 சதவீதம். எர்லி மார்னிங்கும் டார்க் ஃபயர்டும் 19-ஐ ஒட்டி. ஸ்குவாட்ரன் லீடர் 1.54-க்கு வந்துவிட்டது, 23 சதவீதம் தண்ணீர்! கெண்டல் சரக்கு டின்னிலேயே சொதசொதவென்று வரும் என்பது சுங்கான்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, எண்ணாகப் பார்த்தபோதுதான் உறைத்தது. (அடுப்பில் தண்ணீரோடு வாசனை எண்ணெயும், ஈரம் காக்கச் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்காலும் கொஞ்சம் போய்விடும், அதனால் உண்மையான ஈரம் இதைவிடச் சற்றுக் குறைவு. ஒப்பிடுவதற்கு இது போதும்.)

புகைக்க நான் தேர்ந்துகொண்டது 13 சதவீதம். 15-ல் வைத்துப் பார்த்தேன், சுங்கான் கிண்ணம் பாதி எரிந்தபோதே குழாய் களகளவென்று சத்தம் போட்டது. 11-ல் வேகமாக எரிந்து காகித ருசி வந்தது. 13-க்குக் கொண்டுவர அடுப்பு திரும்ப வேண்டியதில்லை, கணக்கு போட்டால் போதும். நைட்கேப் 10 கிராமில் உலர்ந்த பொருள் 8.15 கிராம். அதை 0.87-ஆல் வகுத்தால் 9.37. பத்து கிராமைத் தராசில் வைத்து 9.37 ஆகும்வரை உலர்த்தினால் வேலை முடிந்தது. ஸ்குவாட்ரன் லீடருக்கு இலக்கு 8.85. இந்த இரண்டு எண்ணையும் டின் மூடியில் எழுதி ஒட்டிவிட்டேன். இந்த முயற்சி முழுவதிலும் உருப்படியான விஷயம் இதுதான் என்று சொல்வேன். மற்றதெல்லாம் இதைச் சுற்றி வந்தவை.

உலர்த்துவதில்தான் பாடு. தட்டில் பரப்பி வைத்தால் உலர்ந்துவிடும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கார்த்திகை மாதத்தில் திண்ணையில் பரப்பி வைத்தேன், மீட்டர் 88. சாயங்காலம் எடை பார்த்தால் 10.00 இருந்தது 10.12 ஆகியிருக்கிறது! மழை விட்டபின் மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். போனில் ஒருவர் கூப்பிட்டார், பேசிவிட்டு வருவதற்குள் 8.60. ஓரமெல்லாம் பொடி. ராத்திரி வெளியே வைத்ததில் ஈரம் திரும்பி 9.37-க்கு வந்தது, வாசனை வரவில்லை. அந்த வெயில் பட்ட இலையை இன்றுவரை ஒரு பாட்டிலில் வைத்திருக்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவுகிறது. அதில் லட்டாக்கியாவின் அடிப்பக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது, மேலே இருந்த இனிப்பும் புளிப்பும் போய்விட்டன.

கடைசியில் சிலிக்கா ஜெல்லுக்கு வந்தேன். எவர்சில்வர் சம்படத்தின் அடியில் ஒரு கை நீல மணி, அதன்மேல் சின்ன மாவுச் சல்லடையைக் கவிழ்த்து, அதன்மேல் வெள்ளைத் துணி, துணியில் பத்து கிராம் இலை. மூடிவிட்டு அரை மணிக்கு ஒரு தடவை எடை. நைட்கேப் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் இலக்குக்கு வந்துவிடும், ஸ்குவாட்ரன் லீடருக்கு மூன்றரைக்கு மேல் ஆகும். வந்த உடனே சிறிய கண்ணாடி பாட்டிலில் அடைத்து ஓர் இரவு விட வேண்டும், ஏனென்றால் மேலே இருக்கும் இழை அதிகம் காய்ந்திருக்கும், உள்ளே இருப்பது ஈரமாக இருக்கும். காலையில் பாட்டிலுக்குள் மீட்டரை இறக்கினால் திருத்தத்துக்குப் பிறகு 60 பக்கத்தில் நிற்கிறது. 65-க்கு மேல் போனால் மூடி கசிகிறது என்று அர்த்தம். ஊறுகாய் பாட்டிலின் பிளாஸ்டிக் மூடிகள் பாதிக்குப் பாதி கசிந்தன, ரப்பர் வளையம் போட்ட கிளிப் பாட்டிலுக்கு மாறினேன்.

நீல மணி ரோஸ் நிறமானதும் ஓடிஜியில் 120 டிகிரியில் சூடாக்கினால் திரும்ப நீலமாகும். அப்படிச் சூடாக்கியபோது அதில் ஏறியிருந்த லட்டாக்கியா வாசனை வீடு முழுக்கப் பரவியது. ‘வீட்டுக்குள்ளயே கரிமூட்டம் போட்டுட்டீங்களா?’ என்று வீட்டம்மா கேட்டார். அன்றிலிருந்து ஓடிஜி பின்கட்டில் இருக்கிறது, கேக் செய்ய வேறு வாங்கித் தர வேண்டியதாயிற்று. அதைச் செலவுக் கணக்கில் சேர்க்கவில்லை. நீல மணியில் கோபால்ட் உப்பு இருக்கிறது, வாய்க்குப் போகிற பொருளின் அருகே வைக்க நல்லதில்லை. துணி விரிப்பது அதற்காகத்தான். அடுத்து வாங்குவது ஆரஞ்சு மணியாக இருக்கும்.

அப்புறம் சுங்கான். என்னிடம் இருந்த பிரையர் மரச் சுங்கானில் பல வருடத்து லட்டாக்கியா ஊறிப்போயிருக்கிறது. எதைப் போட்டாலும் கொஞ்சம் நைட்கேப் வாசம் வரும். ருசி பார்க்க மண் சுங்கான்தான் சுத்தம், வாசனை பிடித்தால் நெருப்பில் போட்டுச் சுட்டு எடுத்துவிடலாம். ராமேஸ்வரம் ரயிலில் ஏறினால் மானாமதுரை, அங்கே குயவர்கள் தெருவே இருக்கிறது. கடம் செய்கிற ஊரில் சுங்கான் கிண்ணம் செய்ய முடியாதா? ஒரு குயவரிடம் படம் வரைந்து கொடுத்தேன். உள்விட்டம் 19 மில்லிமீட்டர், ஆழம் 35, சுவர் 4, பக்கத்தில் மூங்கில் செருக ஒரு துளை. பத்து கிண்ணம் சொன்னேன். வந்தது எல்லாம் 17 மில்லிமீட்டர். அளவு நாடாவை எடுத்துக் காட்டினால் அவர், ‘சார், நீங்க சொன்னது ஈர மண்ணுக்கா, சுட்ட மண்ணுக்கா?’ என்று கேட்டார். மண் காய்ந்து சுடும்போது பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அதைக் கேட்டுக்கொள்ளாமல் படம் போட்ட இன்ஜினியரைப் பற்றி அவர் என்ன நினைத்தாரோ, டீ வாங்கிக் கொடுத்தார்.

முதல் பத்தில் இன்னொரு கோளாறும் இருந்தது. புகை போகும் துளை கிண்ணத்தின் அடியிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் மேலே விழுந்திருந்தது. அடியில் இருக்கிற இலை எரியாமல் கசண்டாகத் தேங்கி, கடைசி ஐந்து நிமிடத்து ருசியைக் கெடுத்தது. இரண்டாவது தடவை ஈர மண்ணுக்கு 21 என்று சொன்னேன், துளையை அடிமட்டத்தோடு ஒட்டிக் குடைக்கம்பியால் குத்தித் தந்தார். சுவர் 6 மில்லிமீட்டர். இவை நன்றாக வேலை செய்கின்றன. ஆனாலும் மண் மண்தான், பாதி எரிந்தபின் சூட்டில் கையில் பிடிக்க முடியாது, மூங்கிலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மூங்கில் ஒல்லியான தூண்டில் கம்பிலிருந்து வெட்டியது, 15 சென்டிமீட்டர். கணுவைச் சூடாக்கிய சைக்கிள் கம்பியால் துளைத்து, 4 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் சீராக்கினேன். பச்சையாக வைத்தால் மூங்கில் ருசி தூக்கலாக வருகிறது, அரை மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவைத்துக் காயவைத்த பின் போய்விட்டது. கிண்ணத்தில் செருகும் முனையில் பருத்தி நூல் சுற்றினால் காற்றுப் புகாது. சுத்தம் செய்ய, கிண்ணத்தைக் கரியடுப்பில் கருப்பு போய்ச் சிவப்பாகும்வரை விடுவேன். ஈரம் காயாமல் நேரே தணலில் வைத்ததில் இரண்டு வெடித்துவிட்டன. முதலில் அடுப்போரத்தில் வைத்துக் காயவிட்டுப் பிறகு உள்ளே தள்ள வேண்டும்.

காற்றையும் சொல்ல வேண்டும். ஒரே 0.8 கிராம், ஒரே ஈரம். கச்சான் அடிக்கும்போது தென்பக்க வாசலில் 14 நிமிடத்தில் தீர்ந்தது, வடக்குச் சுவர் மறைவில் 26 நிமிடம் வந்தது. 14 நிமிடத்தில் தீர்ந்ததற்கு ருசி என்று எதுவும் இல்லை, வெறும் சூடு. வாடைக் காலத்தில் மறைவு தலைகீழாகும், நாற்காலி தென்பக்கம் போகும். ஓலைக் கொட்டகைக்குள் உட்காரலாமே என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. கட்டையில் போகிற வயசில் கொட்டகையோடு போக விருப்பமில்லை.

கருவி சரியானதும் மூக்கைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. டின்களைப் பற்றி எழுதுகிறவர்கள் தோல், கேம்ப் ஃபயர், ஊசியிலைக் காடு, தேவாலயத்துத் தூபம் என்று அடுக்குவார்கள். ஊசியிலைக் காட்டை நான் கொடைக்கானலில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. எனக்குத் தெரிந்த வாசனைகளைச் சின்னச் சின்னப் பாட்டிலில் அடைத்து வரிசையாக வைத்தேன். சாம்பிராணிக் கட்டி, படகுக்காரர்கள் பலகை இடுக்கில் பூசுகிற குங்கிலியம், செருப்புத் தைப்பவரிடம் வாங்கிய தோல் துண்டு, கருப்பட்டி, பழம்புளி, உலர்ந்த அத்தி, மிளகு. இவற்றோடு புகைத்துணிகள். பருத்தித் துணியை மூன்றாகக் கிழித்து ஒன்றைச் சீமைக்கருவேல் விறகுப் புகையிலும், ஒன்றைத் தேங்காய் மட்டைப் புகையிலும், ஒன்றைப் பனைமட்டைப் புகையிலும் பிடித்து அடைத்தேன். சீமைக்கருவேலுக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் தேட வேண்டியதே இல்லை, எந்தப் பக்கம் போனாலும் கரிமூட்டம் புகைந்துகொண்டிருக்கும்.

இந்தப் பாட்டில்கள் வந்த பிறகுதான் இரண்டு வகைப் புகை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பிரிந்தது. டார்க் ஃபயர்டை முகர்ந்துவிட்டுக் கருவேல் துணியை முகர்ந்தால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். லட்டாக்கியாவை அந்தத் துணியோடு வைத்தால் ஒட்டவில்லை, சாம்பிராணி, குங்கிலியப் பக்கம்தான் போகிறது. மேலே சொன்ன விறகுக் கதையோடு இது பொருந்துகிறது: ஒன்று மரப்புகை, இன்னொன்று பிசின் புகை. ‘ஸ்மோக்கி’ என்ற ஒரே சொல்லில் இரண்டையும் போட்டு அடைப்பதால்தான், லட்டாக்கியா பிடிக்கவில்லை என்று ஒதுங்குகிறவர்கள் டார்க் ஃபயர்டையும் தொடாமல் போகிறார்கள்.

எனக்குப் பெயர் தெரியும், அதனால் மூக்கு ஏமாற்றும் என்று இரண்டு பேரிடம் முகரக் கொடுத்தேன். கருவாடு விற்க வரும் அக்கா டார்க் ஃபயர்டை உடனே, ‘இது நம்ம விறகடுப்பு அண்ணே’ என்று வைத்துவிட்டார். நைட்கேப்பை முகர்ந்து கொஞ்சம் யோசித்து, ‘பூசை முடிஞ்ச வீட்ல கருவாடு காஞ்ச மாதிரி’ என்றார். எந்த விமர்சகரும் இவ்வளவு கச்சிதமாகச் சொல்லி நான் படித்ததில்லை. இன்னொருவர் பாம்பன் பக்கத்துப் பெரியவர், இளமையில் படகோட்டியவர். லட்டாக்கியாவை மூக்கருகே கொண்டுபோனதுமே, ‘இது அக்கரைப் புகையிலைல்ல?’ என்றார். யாழ்ப்பாணத்தில் மெல்லுகிற புகையிலையைத் தென்னம் பொச்சு மட்டைப் புகையில் பதப்படுத்துவது பழைய வழக்கம், திருவிதாங்கூர் வரைக்கும் அது போய்க்கொண்டிருந்தது. பெரியவர் நினைவில் இருந்தது அந்தப் புகை. தேங்காய் மட்டைத் துணியை எடுத்து முகரக் கொடுத்தேன், ஆமாம் என்று தலையாட்டினார். எனக்கு அந்தத் துணியும் லட்டாக்கியாவும் ஒன்றாகத் தெரியவில்லை, ஆனால் அக்கரை இலையை மென்றவர் அவர், நான் இல்லை.

பிறகு கண்மூடிச் சோதனை. உணவுத் தொழிற்சாலைகளில் செய்கிற முறைதான்: மூன்று கிண்ணம், இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு பங்கு சரியாக வரும், அதனால் ஒரு தடவை ஜெயித்ததை வைத்து மார்தட்ட முடியாது. நிரப்புகிற வேலை என் மைத்துனருக்கு. ரயில்வேயில் கணக்கு எழுதியவர், வெற்றிலை மட்டும் போடுவார். கிண்ணத்தின் அடியில் பென்சிலால் எண் எழுதி, பட்டியலைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். ‘மச்சான், மூஞ்சியைப் பாத்துக் கண்டுபிடிக்காதீங்க’ என்று திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

ஒரு கிண்ணத்துக்கு 0.8 கிராம். மூன்றையும் அடுத்தடுத்து பிடித்தால் லட்டாக்கியா வாயை மூடிவிடும், மூன்றாவது எதுவாக இருந்தாலும் இரண்டாவது மாதிரியே இருக்கும். அதனால் பத்து நிமிடம் மட்டும் பிடித்துவிட்டு, அரை மணி இடைவெளி, நடுவில் வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு பிடி பொரியும். காபி கூடாது. மத்தியானம் மீன் வறுவல் சாப்பிட்ட நாளில் சோதனையே கூடாது. பற்றவைக்க கேஸ் லைட்டர்தான், தீப்பெட்டி இங்கே நமத்துப்போகிறது, உரசினாலும் கந்தக வாசம் முதல் இழுப்பைக் கெடுக்கும். புகையை வாயில் நிறுத்தி, மூக்கு வழியாகக் கொஞ்சமாக வெளியே விட வேண்டும். ருசியில் பெரும்பகுதி அங்கேதான் பிடிபடுகிறது.

டின்னிலிருந்து அப்படியே எடுத்த இலையில் நைட்கேப்பும் ஸ்குவாட்ரன் லீடரும் எனக்குச் சிக்கவே இல்லை. அல்லது சிக்கியபோது ஈரத்தை வைத்துத்தான் சொன்னேன்: களகளவென்றால் ஸ்குவாட்ரன் லீடர். இரண்டையும் 13-க்குக் கொண்டுவந்தபின் அந்தத் துப்பும் போய்விட்டது, கொஞ்ச நாள் இன்னும் மோசமாகத் தோற்றேன். பிறகு ஒரு நாள் கிடைத்தது. கிண்ணம் பாதியைத் தாண்டும்போது, மூக்கு வழியாக விடும் புகையில் நைட்கேப் உள்மூக்கில் கிள்ளுகிறது. மிளகுப் பாட்டிலைத் திறந்து முகர்ந்தால் அதே இடம். அது பெரிக், அமெரிக்காவின் லூயிசியானாவில் பீப்பாயில் அழுத்தி நொதிக்கவைக்கும் இலை, நைட்கேப்பில் கொஞ்சம் சேர்க்கிறார்கள். ஸ்குவாட்ரன் லீடரில் அந்தக் கிள்ளல் கிடையாது. ஈரமாக இருக்கும்போது நீராவியே மூக்கைச் சுட்டுவிடுகிறது, மிளகு அதற்குள் மறைந்துபோகிறது. இரண்டையும் பிரிப்பது புகை வாசனை என்று நான் தேடிக்கொண்டிருந்தேன், புகை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இப்போது நாலையும் பற்றி என் தீர்ப்பு. எர்லி மார்னிங் பைப்பில் லட்டாக்கியா பின்பாட்டு, முன்னால் பாடுவது கீழைநாட்டுச் சிற்றிலையின் புளிப்பு. பழம்புளிப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வரும். பாலில்லாத டீயோடு காலையில் நன்றாக இருக்கிறது, ராத்திரி பிடித்தால் ஏமாற்றம். கொஞ்சம் அதிகம் காய்ந்தாலும் முதலில் சாவது இதுதான். ஸ்குவாட்ரன் லீடர் சரியான ஈரத்தில் என்னை ஆச்சரியப்படுத்தியது. இத்தனை நாள் மண் வாசம் என்று நோட்டில் திட்டியிருந்தேன், உலர்த்தியபின் வைக்கோல் வாசமும் மெல்லிய இனிப்பும் முன்னே வந்து புகை பின்னே நிற்கிறது. நாலில் ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். நைட்கேப் கனம், வயிறு காலியாக இருந்தால் விக்கல் எடுக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு, அன்றைய கடைசிக் கிண்ணமாக மட்டும். டார்க் ஃபயர்டு வில்லையாக வருவது, நன்றாகத் தேய்த்துப் பிரிக்க வேண்டும், அதற்கு 12 சதவீதம் இன்னும் பொருந்துகிறது. கருவேல் அடுப்பில் சுட்ட எதையும் விரும்புகிறவருக்கு இது பிடிக்கும். எனக்கு அடுப்பு சமையலறையில் இருந்தால் போதும்.

பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவதை விட்டுவிட்டேன். இப்போது நோட்டில் எழுதுவது: எடை, பாட்டில் மீட்டர், எத்தனை தடவை அணைந்தது, எந்தப் பாட்டில் வாசனை எந்தக் கட்டத்தில் வந்தது. இன்னொன்றும் கண்டுபிடித்தேன். குழாய் துடைக்கும் பஞ்சுக் கம்பியைத் துடைக்கும் முன்னும் பின்னும் எடை போட்டால், கிண்ணம் எவ்வளவு தண்ணீர் விட்டது என்று தெரிந்துவிடும். 13-ல் அது 0.05 கிராமைத் தாண்டுவதில்லை. தாண்டினால் அந்தக் கிண்ணத்துக்கு அபிப்பிராயம் எழுதுவதில்லை.

செலவு: மீட்டர் இரண்டு 500, தராசு 550, சிலிக்கா ஜெல் ஒரு கிலோ 220, கிளிப் பாட்டில் ஆறு 540, மானாமதுரைக் கிண்ணம் இரண்டு ஈடும் சேர்த்து 1,400, சல்லடை, துணி, நூல் வகையறா நூறு. மொத்தம் 3,310 ரூபாய், டின்கள் தனி.

அடுத்த தடவை கிண்ணச் சுவரை 7 மில்லிமீட்டர் ஆக்கச் சொல்வேன். டார்க் ஃபயர்டுக்கும் லட்டாக்கியாவுக்கும் வேறு வேறு ரப்பர் வளையம் வைப்பேன், வளையத்தில் ஏறிய வாசனை சோப்பு போட்டாலும் போகவில்லை. எர்லி மார்னிங்குக்குச் சிலிக்கா கொஞ்சம் முரட்டுத்தனம் என்று சந்தேகம் இருக்கிறது. அது ஈரத்தை இறக்கியதும் புளிப்பு குறைவது போலத் தோன்றுகிறது. ஈரப்பதத்தை 62 சதவீதத்தில் தானே நிறுத்துகிற பொட்டலங்கள் கிடைக்கின்றன, காக்காவிடம் இந்த நடைக்கு டின்னுக்குப் பதில் அதில் நாலு வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். ‘புகையிலை வேணாம், பொட்டலம் மட்டும் போதுமா தம்பி?’ என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் வந்தால், ஒரே டின்னைப் பாதி சிலிக்காவிலும் பாதி பொட்டலத்திலும் இறக்கி, மைத்துனரைப் பட்டியல் எழுதச் சொல்ல வேண்டும்.